ஓரியின் அம்பும் ஐந்து முத்திரையும்: தண்ணீர்ப் பூங்காவில் ஒரு புத்தகத் தேடல்

அன்னூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஊர் நூலகத்துத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை வாசிக்கிறேன். மூன்று வருடமாக நடக்கிறது. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை 25 பேர் வருகிறார்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் எங்காவது கூட்டிப் போகலாம் என்று பெற்றோர் பேச்செடுத்தபோது, பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டது மேட்டுப்பாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவை. சரி, போகலாம், ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் காலை இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டும் என்றேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை மாதம் வேலை பிடித்தது. என்ன செய்தேன், எது சரிவரவில்லை, எதை மாற்றினேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு ஊரில் யாராவது செய்ய நினைத்தால் அவர்களுக்குப் பத்து நாளில் முடிந்துவிடும்.

முதலில் நூலகத்து வாசலிலேயே ஒரு ஒத்திகை பார்த்தேன். ஒரு கதையை எட்டுத் துண்டாக்கி, சீட்டுகளை வேப்பமரத்தடியிலும் குழாயடியிலும் சைக்கிள் நிற்கிற இடத்திலும் ஒளித்து வைத்தேன். இருபது நிமிடத்தில் எல்லாச் சீட்டும் கைக்கு வந்துவிட்டன. கூச்சல், சிரிப்பு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டு எடுத்த பையனிடம் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு குழு எங்கே குனிகிறது என்று பார்த்து மற்றக் குழுக்கள் அங்கே ஓடியிருக்கின்றன. யாரும் எதையும் வாசிக்கவில்லை, வாசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நோட்டில் ஒரே வரி எழுதினேன்: பூட்டைப் புத்தகம்தான் திறக்க வேண்டும், கால் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் செய்த எல்லா மாற்றமும் அந்த ஒரு வரியைக் காப்பாற்றுவதற்காகச் செய்ததுதான்.

எந்தக் கதை என்பதில் ரொம்ப நாள் ஓடியது. வெளிநாட்டுக் கதை எதுவும் வேண்டாம், நம் பக்கத்துக் கதையாக இருக்கட்டும் என்று புரட்டிக்கொண்டு வந்தபோது புறநானூற்றின் 152ஆம் பாட்டில் நின்றேன். பாடியவர் வன்பரணர். பாடப்பட்டவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டையூசி வளைவு ஏறிப் போயிருக்கிற பிள்ளைகள் எங்கள் கூட்டத்திலேயே நாலைந்து பேர் உண்டு. செம்மேட்டில் ஓரியின் சிலையையும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிலைக்காரன் 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த ஒரு பழைய நூலுக்குள் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பாட்டின் கதை ஒரு தேடல் விளையாட்டுக்கென்றே பண்ணியது போல இருக்கிறது. ஒரு வேடன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மான் கலையை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருக்கிற உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. ஓர் அம்பு, ஐந்து விலங்கு. அந்த வழியே வருகிற பாணர் கூட்டம் பார்க்கிறது. யார் இவன்? பார்த்தால் வெறும் வேடன் போலத் தெரியவில்லை, மார்பில் முத்தாரம் கிடக்கிறது. ஓரியாக இருக்குமோ, இல்லையோ? பாடிப் பார்க்கலாம் என்று முழவும் யாழும் எடுக்கிறார்கள். பாடி முடித்து 'கோ', அதாவது அரசன், என்று சொன்னதும், அது தன் பேர் என்பதால் அவன் வெட்கப்படுகிறான். அந்த வெட்கத்தில் பிடிபட்டுவிடுகிறான். அப்புறம் சாப்பாடு போட்டு, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான். வழியில் ஐந்து இடம், கடைசியில் ஒரு மர்ம மனிதன், அவனைக் கண்டுபிடித்தால் பரிசு. நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை.

பூங்காவுக்கு வார நாள் ஒன்றில் தனியாகப் போய் மேலாளரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சில நிபந்தனைகள் சொன்னார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது, சறுக்குகளின் அடியிலும் மோட்டார் அறைப் பக்கமும் பிள்ளைகள் போகிற மாதிரி எதையும் வைக்கக் கூடாது, கொண்டு வந்ததையெல்லாம் திரும்ப எடுத்துப் போக வேண்டும். எல்லாமே நியாயம். போன்கள் லாக்கரில் இருக்கும் என்பதால் கியூஆர் கோடு வைக்கும் யோசனை அங்கேயே விழுந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சுற்றி நடந்தபோது கையில் பாட்டை வைத்துக்கொண்டு நடந்தேன். இதைச் செய்கிற யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான். வீட்டிலிருந்து குறிப்பு எழுதிக்கொண்டு போய் இடத்தில் பொருத்தக் கூடாது. நூலும் கையுமாக இடத்தைப் பார்க்க வேண்டும். வன்பரணர் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு அடையாளம் சொல்லியிருக்கிறார். புலிக்குப் பேழ்வாய், அதாவது பெரிதாகத் திறந்த வாய். பூங்காவில் வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்கிற பென்குயின் தொட்டி இருந்தது. பன்றிக்கு உரல்தலை. உணவகத்து வாசலில் அழகுக்காக ஒரு கல் உரல் போட்டிருந்தார்கள். மான் கலைக்குப் புகர், அதாவது உடம்பில் புள்ளி. சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான் குடைக்குக் கீழே உட்காரும் திட்டு ஒன்று கிடைத்தது. யானையோ வீழ்த்தப்பட்ட யானை. அதற்கு நீளமாகக் கிடத்திய ஒரு மரக்கட்டை இருக்கை. உடும்புக்கு மட்டும் புற்று வேண்டும். நிஜப் புற்றுப் பக்கம் பிள்ளைகளை அனுப்பவே கூடாது, பாம்பு இருக்கும். உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, செம்மண் கரைசலில் முக்கிய சாக்கைச் சுற்றிக் காயவைத்துப் புற்று ஒன்று செய்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் அசல் புற்றேதான்.

கையேடு ஒரு ஏ4 தாள். இரண்டு பக்கமும் அடித்து இரண்டு முறை மடித்து வெட்டினால் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கம் வரும். பாணர் கூட்டத்துப் பிள்ளை ஒன்று சொல்வது போல என் வார்த்தையில் கதை, முத்திரை குத்த ஐந்து காலிக் கட்டம், ஏழாம் பக்கத்தில் பாட்டின் அந்த ஐந்து விலங்கு வரிகள் மூலத்தில் இருக்கிறபடியே. அதில் யானை என்றோ புலி என்றோ இருக்காது. வேழம், உழுவை, கலை, கேழற் பன்றி, உடும்பு என்றுதான் இருக்கும். உழுவை என்றால் புலி, கலை என்றால் ஆண் மான் என்பதெல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிற அட்டையில் மட்டும்தான். ஐந்து இடத்துக்கும் போய் ஐந்து அட்டையையும் வாசித்தால்தான் ஏழாம் பக்கம் புரியும். முதல் ஒத்திகையில் இல்லாத பூட்டு இது.

முத்திரை வைக்கிற யோசனை நான் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, போய்ச் சேருவதே சிரமமான கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து போனவர்கள் தங்கள் அட்டையை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். அது வளர்ந்து, பெட்டிக்குள் ரப்பர் முத்திரை வைத்து, தேடி வருகிறவர் தன் நோட்டில் குத்திக்கொண்டு போகிற பழக்கமாகிவிட்டது. எடுத்துப் போக எதுவும் இல்லை, குத்திவிட்டு அடுத்தவருக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். 25 பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

கடையில் முத்திரை செய்யக் கொடுத்தால் ஐந்துக்கும் சேர்த்து நல்ல செலவாகும். வீட்டில் கிடந்த பழைய ஹவாய் செருப்பை எடுத்தேன். குதிகால் பக்கம் தடிமனாக, தேயாமல் இருக்கிற இடத்தைக் கட்டையளவுக்கு அறுத்துக்கொண்டேன். செருப்பின் மேல்பக்கம் கோடு கோடாக இருக்கும், அப்படியே குத்தினால் யானையின் மேல் கோடு விழும். அதனால் உப்புத்தாள் போட்டுச் சமமாகத் தேய்த்தேன். தேய்த்ததும் மை பிடிப்பதும் நன்றாகிவிட்டது. படத்தைத் தாளில் பென்சிலால் வரைந்து, கவிழ்த்து அழுத்தித் தேய்த்தால் கோடு ரப்பரில் ஏறிவிடும், இடவலம் மாறுவதும் தானாக நடந்துவிடும். பேப்பர் கட்டரில் புது பிளேடு போட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதைச் சாய்வாக வெட்டி எடுத்தேன். நேராகக் கீழே வெட்டினால் மெல்லிய பகுதி நாலு குத்துக்குள் பிய்ந்துவிடும். மானின் கொம்பு மூன்று முறை பிய்ந்த பிறகுதான் இது கைக்குப் புரிந்தது. பின்னால் மரத்துண்டு வைத்து, செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய ரப்பர் பசையால் ஒட்டினேன். பசையை இரண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காயவிட்டு ஒட்ட வேண்டும்.

அட்டைகளை லேமினேஷன் செய்ததில் எனக்கே ஒரு பாடம். தினமும் பத்து லேமினேஷன் போடுகிற கை இது. கயிறு கட்டுவதற்கு அட்டையின் மூலையில் பஞ்ச் செய்தேன். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுச் சோதித்தபோது, பஞ்ச் ஓட்டை வழியாகத் தண்ணீர் தாளுக்குள் ஏறி, இங்க்ஜெட்டில் அடித்த எழுத்து முழுக்க ஊதாப் புகையாகிவிட்டது. இரண்டு மாற்றம் செய்தேன். எழுத்தை லேசர் பிரிண்டரில் அடித்தேன், அதன் டோனர் தண்ணீரில் கரையாது. அப்புறம், தாளைப் பவுச்சைவிடச் சின்னதாக வெட்டி, சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் விட்டு, ஓட்டையை அந்த வெறும் பிளாஸ்டிக்கில் மட்டும் போட்டேன். இரண்டு நாள் வாளியில் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை.

முத்திரையையும் அட்டையையும் மைத்தட்டையும் வைக்க ஐந்து எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கி, ஒரு வார நாளில் பூங்காவுக்கு எடுத்துப்போய் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் காளான் குடைக்குக் கீழே டப்பா திறந்து கிடக்கிறது. மைத்தட்டு ஒரு குரங்கின் கையில் இருக்கிறது, அதன் உதடெல்லாம் நீலம். எனக்கு உடம்பு பதறிவிட்டது. கல்லெடுத்து எறியவும் மனமில்லை. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குச்சியைத் தரையில் தட்டிச் சத்தம் கொடுத்ததும் தட்டைப் போட்டுவிட்டு ஓடியது. "ஏனுங் சார், டிபன் டப்பாவைப் பாத்தா கொரங்கு உடுமுங்களா? அதுக்குச் சோறுன்னுதானுங்க தெரியும்" என்றார். அந்த மலையடிவாரத்தில் தினமும் வேலை செய்கிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. குறிப்பு எழுதுகிறபோதே அவரைப் போன்றவர்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து இடம் குறித்து எந்த முடிவெடுத்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். நிகழ்ச்சி நாள் காலையில் துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்ததும் அவர்தான்.

டப்பாவுக்குப் பதில் பி.வி.சி. குழாய். பிளம்பர் ஒருவரிடம் மிச்சம் கிடந்த குழாயை ஒரு சாண் நீளத்துக்கு ஐந்து துண்டாக அறுத்து, ஒரு முனையில் மூடியை சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டேன். மறுமுனை மூடி ஒட்டாமல் செருகினாலே இறுகிக்கொண்டது, பெரியவர் கையாலும் திருகி எடுக்க முடியவில்லை. குழாய் வாயை வெளிப்பக்கம் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, மூடியில் ஒரு நாடா கட்டியதும் எட்டு வயதுப் பிள்ளையும் இழுத்துத் திறக்க முடிந்தது. பழுப்புப் பெயின்ட் அடித்து, மரத்தில் ஆணிக்குப் பதில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினேன். குரங்குகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் பாணர்கள் பதலை என்கிற மேளத்தின் ஒரு முகத்தை மெல்லத் தட்டுங்கள் என்று சொல்வதாக வரும். வீணாகப் போன டிபன் டப்பாக்களின் மூடியில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி ஐந்து பதலையாக்கிவிட்டேன்.

இன்னொரு சிக்கல் நெரிசல். எல்லாக் குழுவும் யானையில் தொடங்கினால் மரக்கட்டையைச் சுற்றி 25 பேர் நிற்பார்கள், முதல் குழுவைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். அதனால் ஐந்து குழு, ஐந்து இடம், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விசில். சீக்கிரம் முடித்தவர்கள் விசில் வரும்வரை கட்டத்துக்குப் பக்கத்தில் அந்த விலங்கை வரைய வேண்டும். ஆனால் பாட்டில் வரிசை முக்கியமாயிற்றே? அதுதான் நல்லதாகப் போயிற்று. எந்த வரிசையில் வேண்டுமானாலும் முத்திரை சேரட்டும், அம்பு போன வரிசையைக் கடைசியில் ஏழாம் பக்கத்தை வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டேன். குழுவில் பெரிய பிள்ளையே கையேட்டைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு இடத்திலும் வாசிக்கிறவர் மாற வேண்டும் என்பதும் விதி.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ஜெல் பேனா வேண்டாம் என்று பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டோம். முதல் விசிலுக்குள்ளேயே என் கணக்கு தவறியது. பதினைந்து நிமிடம் போதவில்லை. உரல்தலை என்பதைப் படித்துவிட்டு ஒரு குழு உரல் என்றால் என்ன என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நின்றது. வீட்டில் கிரைண்டர்தானே இருக்கிறது. கூட வந்த ஒரு அம்மாயி சொல்ல வாயெடுத்ததை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், "எங்க அமத்தா ஊட்ல உலக்கை இருக்குது, அதுக்குக் கீழ இருக்கறதுதான்" என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் குழுவுக்காக விசிலை ஐந்து நிமிடம் தள்ளி ஊதினேன். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அடுத்த முறை ஒரு இடத்துக்கு இருபது நிமிடம், நடுவில் ஒரு மோர் இடைவேளை.

மான் கலையைப் பார்த்துவிட்டு ஒரு சின்னவன், "ஏனுங் மாமா, அஞ்சையும் எதுக்குங் கொல்லோணும்?" என்று கேட்டான். எதிர்பார்த்திருந்த கேள்விதான். அந்தக் காலத்தில் வேட்டை ராஜாக்களின் வீரத்துக்கு அடையாளமாக இருந்தது, இப்போது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைப் பிடித்தாலே குற்றம் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, மானுக்கு இரண்டு குட்டி சேர்த்து வரைந்தான்.

கடைசி இடத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பும் விலங்குப் படங்களும் வைத்திருந்தேன். ஏழாம் பக்கத்தை வாசித்து வரிசையாக மாட்ட வேண்டும். முதலில் வந்த குழு மானுக்கு முன்னால் பன்றியை மாட்டியது. திரும்ப வாசிக்கச் சொன்னேன். சரியாக மாட்டி முடித்ததும் பின்னால் நின்ற ஒரு பெண், ஏழாவது படிக்கிறவள், கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அம்பு கீழ எறங்கிட்டே போகுதுங்க." யானை உயரம், அதற்கும் கீழே புலி, அப்புறம் மான், பன்றி, கடைசியில் தரையோடு தரையாக உடும்பு. வேகம் குறையக் குறைய அம்பு தாழ்ந்துகொண்டே போய் மண்ணுக்குப் பக்கத்தில் முடிகிறது. அந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை வாசித்தவன். ஒரு தடவை கூட இது என் கண்ணில் படவில்லை. அவள் ஐந்து படத்தைக் கையால் எடுத்து வரிசையாக மாட்டினதால் பார்த்தாள்.

அங்கே மரத்தடியில் தலையில் துண்டு கட்டி, கழுத்தில் ஒரு முத்துமாலையோடு, ஒன்றும் பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூட்டத்து அப்பாக்களில் ஒருவர். யார் கேட்டாலும் பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். பிள்ளைகள் "பரிசு குடுங்க" என்றார்கள், அசையவில்லை. "ஓரி மாமா" என்றார்கள், அப்போதும் அசையவில்லை. எட்டாம் பக்கத்தில் அவன் எந்தச் சொல்லைக் கேட்டு வெட்கப்பட்டான் என்று இருக்கிறது, அதைத் தேடவேண்டும். வாசிக்கும்போது எப்போதும் திக்குகிற, ஞாயிற்றுக்கிழமைகளில் தூணுக்குப் பின்னால் உட்கார்கிற ஒரு பையன் கையில் அப்போது கையேடு இருந்தது, அவன் முறை. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் போய் ஒரு இடத்தில் நின்றான். மற்றவர்களிடம் பதலையைத் தட்டச் சொன்னான். தட்டினார்கள். அவன் பக்கத்தில் போய் "கோ" என்றான். அந்த அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்படி ஒரு ஆரவாரம் அதற்கு முன்னால் எங்கள் நூலகத்துத் திண்ணையில் நான் கேட்டதில்லை.

ஓரி கொடுத்த பொன்னுக்குப் பதில், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கி வைத்திருந்த 25 சின்னப் புத்தகங்கள். விருந்துக்குப் பதில் ஒரு தூக்கு நிறையக் கச்சாயம். அதைத் திறந்தபோது குரங்குகள் வந்துவிடக் கூடாது என்று பெருக்குகிற அக்கா குச்சியோடு பக்கத்திலேயே நின்றார். அவருக்கும் ஒரு கையேடு கொடுத்தேன், மகள் படிப்பாள் என்று வாங்கிக்கொண்டார். பன்னிரண்டே காலுக்குப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

குழாய்கள், அட்டைகள், சாக்குப் புற்று எல்லாம் பத்திரமாகக் கடையில் இருக்கின்றன. கேழல் முத்திரையின் காது மட்டும் பிய்ந்திருக்கிறது, அதைப் புதிதாக வெட்ட வேண்டும். அடுத்து பழனி மலைப் பக்கத்துப் பேகனை வைத்து ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் அவன். எங்கள் பக்கம் தோட்டமெல்லாம் மயில்தான், அதனால் இந்த முறை பூங்காவுக்குப் போக வேண்டியதில்லை. போர்வையை எங்கே ஒளிப்பது என்பதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.